வளைவின் காலடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

உட்காருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கொட்டகைக்குள் தலையில் விழுவதற்கு மின்விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை, அதுவும் சுற்றவில்லை.

உங்கள் மேலாளர் என்னை போனில் அழைத்து, "சார், புதுசா சேர்ந்த பசங்க, பொண்ணுங்க வந்திருக்காங்க. படாளம் யார்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசுங்க, மோட்டிவேஷன் மாதிரி" என்றார். அந்தச் சரக்கு என்னிடம் கிடையாது, நான் பேசினால் பாதி திட்டு, பாதி புலம்பல், பரவாயில்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார். மாட்டிக்கொண்டது நீங்கள்.

கணக்கையும் வரைபடத்தையும் நான் தொடப்போவதில்லை. அதை உங்கள் லேப்டாப் என்னைவிட நன்றாகச் சொல்லும். ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வளைவு கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது, கால் உட்கார மறுத்தது, கடல் காற்று கிளம்பிவிட்டது. அந்த நாள்.

முதலில், இங்கே வெளியே பாய் மாதிரி படுத்துக் கிடக்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் வளைவுப் பாலம் என்றால் அடியில் சவுக்குக் கழியும் பலகையும் வைத்து ஒரு பொய் வளைவு கட்டுவோம். அதன் மேல் கான்கிரீட் போட்டு, இறுகிய பிறகு பொய்யைப் பிரிப்போம். உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடையில் அந்தக் கழிகளை நட்டு நிறுத்துவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இப்போது ஆப்பு வடிவத் துண்டுகளை இங்கேயே வார்க்கிறோம். தட்டையாக வரிசைப்படுத்தி, மேல்பக்கம் ஒரு வலுவான பட்டையால் கோத்துவிடுகிறோம். டிரெய்லரில் படுத்துக்கொண்டே பாலத்துக்குப் போகும். கிரேன் தூக்கியதும் இரண்டு பக்கமும் தானாகத் தொங்கும், துண்டுகள் ஒன்றோடொன்று முட்டும், அந்தரத்திலேயே வளைவாகிவிடும். கீழே ஒரு குச்சிகூட வேண்டாம்.

அந்தக் காட்சிக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. சம்பளம் மறந்துவிட்டது, மீட்டிங் மறந்துவிட்டது, யார் யாரோடு சண்டை போட்டேன் என்பதுகூட மறந்துவிட்டது. தட்டையாகக் கிடந்தது எழுந்து வளைகிற அந்த நேரம் மட்டும் கனவில் வருகிறது. கூடவே மல்லிகாவும் வருகிறாள்.

மல்லிகா என் மனைவி. மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாடகை வீடுதான். பாலம் எங்கேயோ, குடித்தனம் அங்கே. ஒரு ஊரில் மளிகைக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பதற்குள் அடுத்த ஊருக்கு லாரி ஏற்றிவிடுவேன். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சொந்தமாக ஒரு வீடு, அதற்குத் தன் கையால் நிலை வைக்கவேண்டும். வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியமும் துளி தங்கமும் வைப்போம் இல்லையா, அதை அவள் கையால் வைக்கவேண்டும். கல்யாணத்தின்போதே அவள் அம்மா ஒரு மூக்குத்தியை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்திருந்தார். "நெல வைக்கும்போது வை" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்த முடிச்சு எங்களோடு எல்லா ஊருக்கும் வந்தது. அரிசிப் பானைக்குள் இருக்கும், சில ஊரில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். செங்கல்பட்டில் ஒரு மனை வாங்கினோம். மகள் கல்யாணத்துக்கு அதை விற்றோம். அதற்குப் பிறகு மல்லிகா வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். பேசவே இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடப்பாக்கம் வேலை வந்தது. கடற்கரைச் சாலையிலிருந்து மீனவர் குடியிருப்புக்குப் போகிற வழியில் ஓர் உப்புத் தண்ணீர் ஓடை. இருந்த சின்னப் பாலம் இற்றுப்போயிருந்தது. புதிதாக வளைவுப் பாலம், இந்தப் படுக்கை முறையில். அந்த முறையில் எங்கள் கம்பெனிக்கு அதுதான் முதல் வேலை. நாங்கள் புதுப்பட்டினத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். தூக்கி நிறுத்துகிற பொறுப்பு முழுக்க என்னுடையது.

முந்தின நாள் சாப்பிடும்போது மல்லிகா கேட்டாள்.

"கீழ ஒண்ணும் முட்டு குடுக்காம எப்பிடிங்க நிக்கும் அது?"

"ரெண்டு கரையிலயும் அடித்தளத்துல ஒரு பள்ளம் விட்டிருக்கோம். வளைவோட காலு அதுல போயி உக்காரும். வாசக்காலு கீழ்ப்படியில உக்காருது பாரு, அது மாதிரி வச்சுக்கோயேன்."

"அப்ப நெல வைக்கறா மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான்" என்றேன். ரசம் ஊற்றினாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பூஜை. நம்மூரில் பூஜை போடாமல் கிரேன் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காது என்பது உங்களுக்கே தெரியும். மல்லிகா பொங்கலும் சுண்டலும் செய்து, குடியிருப்புப் பெண்களோடு சேர்ந்து தட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அடித்தளத்துப் பள்ளங்களை அதற்கு முன்பே நான் இறங்கிப் பார்த்துவிட்டேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. அதன் பிறகுதான் கற்பூரம், எலுமிச்சை, பூசணிக்காய் எல்லாம் நடந்தது. பூசணிக்காய் உடைகிற நேரத்தில் எல்லோருடைய கண்ணும் எங்கே இருக்கும்? பூசணிக்காய் மேல்தானே.

கிரேன் ஓட்டியது சேகர். இதே படாளத்துக்காரர். வாய் ஓயாது, ஆனால் லீவரில் கை வைத்துவிட்டால் பூனை மாதிரி ஆகிவிடுவார். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் ஒரு அம்மா. என்னைவிடப் பல வயது சின்னவர், நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். நெடுஞ்சாலை அதிகாரிகள் இருவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குடியிருப்பே திரண்டு கரையில் நின்றது.

சேகர் தூக்கினார். பாய் மாதிரி கிடந்தது மெல்ல எழுந்தது, இரண்டு முனையும் தொங்கியது, துண்டுகள் டக் டக்கென்று ஒட்டிக்கொண்டன. "ஐயோ, இன்னாடி இது, வில்லு மாதிரி ஆயிப்போச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள். ஊரே கை தட்டியது. நான் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இறக்க ஆரம்பித்தோம். மேற்குக் கால் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கிழக்குக் கால் பாதி இறங்கி நின்றுவிட்டது. கிரேன் கொக்கியில் மாட்டிய பெல்ட் ஒரு பக்கம் தளர்ந்தது, இன்னொரு பக்கம் விறைத்தது. மேலே இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. தெரியக்கூடாத வெளிச்சம் அது.

வாக்கி-டாக்கியில் சேகர் கூப்பிட்டார். "அண்ணாத்த, இன்னாவோ தடுக்குது. எனக்கு வெயிட்டு ஒரே பக்கமா கீது. இறக்கட்டா, தூக்கட்டா? சீக்கிரம் சொல்லு, காத்து வந்துகினு கீது."

ஆமாம், காற்று. கோடையில் அந்தக் கரையில் வெயில் ஏறினால் கடல் காற்று கிளம்பும். தென்னை மட்டை எல்லாம் ஒரே பக்கம் திரும்பியது. ஓடைத் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. தொங்குகிற வளைவு லேசாக ஆட ஆரம்பித்தது. வளைவு சுழலாமல் இருக்கக் கயிறு பிடித்திருந்த ஆட்கள் கால் ஊன்றி இழுத்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் உங்கள் காதில் ஆயிரம் யோசனை விழும். அப்படியே விடுங்கள், பாரம் இறங்கினால் அடியில் இருப்பது நசுங்கிவிடும் என்றார் ஒருவர். சின்னக் கல்லாகத்தான் இருக்கும் என்று ஒருவர் கடப்பாறையைத் தேடி ஓடினார். அதிகாரிகளில் ஒருவர், "கிரேன் இன்னைக்கு மட்டும்தானே? முடிச்சிடுங்க" என்று நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். எல்லாமே நியாயம் மாதிரித்தான் கேட்கும். முதல் வளைவு கோணலாக உட்கார்ந்தால் அதன் பக்கத்தில் வருகிற அத்தனை வளைவும் கோணலாகத்தான் உட்காரும். அது யாருக்கும் அப்போது ஞாபகம் வராது.

நான் "தூக்கு" என்று சொல்ல வாக்கியை வாய்க்குக் கொண்டுபோனேன். அதற்குள் மல்லிகா ஓடி வந்துவிட்டாள். தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து, நேராகக் கிழக்குப் பள்ளத்துக்கு.

"அது நான் வச்சதுங்க! தோ எடுத்துர்றேன்!"

மண்டியிட்டு, தொங்குகிற காலுக்கு அடியில் கையை விட்டாள்.

"ஏய்! கைய எடு! எடுடீ!"

என் ஆயுசில் அவளைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டாள். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கால் நகர்ந்து, பள்ளத்தின் விளிம்பில் இடித்தது. விளிம்பில் ஒரு துண்டு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அவள் கை இருந்த அதே இடம்.

சேகர் என் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. "தூக்குறேன் அண்ணாத்த" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டார். வளைவைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோய், கட்டைகளின் மேல் பழையபடி படுக்கவைத்தோம்.

பிள்ளைகளே, இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தொங்குகிற பாரத்துக்கு அடியில் யார் கையும் போகக்கூடாது. உங்கள் கை, ஹெல்பர் கை, பெண்டாட்டி கை, கலெக்டர் கை, யார் கையும். அடியில் என்ன இருக்கிறதோ இருக்கட்டும். தூக்கு, நகர்த்து, தரையில் வை, அப்புறம் பார். ஒரு நாள் வீணாகும். ஆகட்டுமே!

பள்ளத்தில் நானே இறங்கினேன். மஞ்சள் துணி கிழிந்திருந்தது. மூக்குத்தி ஓர் ஓரமாக மின்னியது. அதன் கூடவே ஒரு பித்தளைக் காசு. தடுத்தது அந்தக் காசும், சுருண்டு நின்ற துணி முடிச்சும்தான். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எள்ளு, உளுந்து எல்லாம் பள்ளம் முழுக்கச் சிதறிக்கிடந்தன. அதில் ஒரு கடலை கிடந்தால்கூடக் கால் நேராக உட்காராது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு பையன் துடைப்பம் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்றேன். அவள் ஆசையைத் துடைப்பத்தால் பெருக்க எனக்கு மனசு வரவில்லை. அதிகாரிகள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஊர் கலைந்தது. நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மல்லிகா தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கைக்குட்டையில் எல்லாவற்றையும் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்க வேலைக்கு எடஞ்சலாப் பூட்டேன்" என்றாள்.

"கை தப்பிச்சுதே, அது போதும்."

"நமக்குன்னு ஒரு வூடு இனிமே எங்க வரப்போவுது? நீங்க நெல மாதிரின்னு சொன்னீங்க. நீங்க கட்டறதுதானே, இதுக்காவது வைப்போம்னு நெனச்சேன். கடைசில இதுவும் நமக்கு இல்ல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எத்தனை பாலம் கட்டியிருக்கிறேன், எத்தனை ஊரைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று மார்தட்டுகிறவன். ஒரு வாசக்காலுக்கு வழி செய்யாமல் கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

மேடம் அந்தப் பக்கமாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மல்லிகாவிடம் போய், "அக்கா, கை காட்டுங்க" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "அடி ஒண்ணும் இல்லல்ல? சரி. இது என்ன முடிச்சுன்னு சொல்லுங்க" என்று பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்தார். மல்லிகா சொன்னாள். அம்மா கொடுத்த மூக்குத்தி, விற்றுப்போன மனை, எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் மேடம் சொன்னார். "பள்ளத்துல வைக்கக்கூடாது அக்கா, கால் உட்காராது. ஆனா வளைவு நின்னதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் மண்ணு கொட்டுவோம். அந்த மண்ணுக்குள்ள, காலுக்குப் பக்கத்துலயே வைங்க. அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

மல்லிகா முந்தானையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நிஜமாத்தான். ஆனா ஒரு கண்டிஷன். இந்தப் பாலத்துக்கு மண்ணு ரெண்டு பக்கமும் சரிசமமா ஏறணும். கிழக்கால ஒரு அடுக்கு போட்டா மேற்காலயும் ஒரு அடுக்கு. ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா வளைவு மறுபக்கமா சாஞ்சுக்கும். அதனால நீங்களும் ரெண்டா பிரிச்சுத்தான் வைக்கணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஒரு மூக்குத்திக்கு எந்த வளைவும் சாயாது. ஆனால் மல்லிகா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

கிரேனை இன்னும் ஒரு நாளைக்கு நிறுத்திவைத்து, மறுநாள் விடிந்த கையோடு, காற்றில்லாத நேரத்தில் தூக்கினோம். பூஜை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் நான் கடைசியாகப் பள்ளத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் வழக்கம் அதுதான். முதலில் சாமி, அப்புறம் சோதனை. மாற்றிச் செய்யாதீர்கள். இரண்டு காலும் சொன்னபடி உட்கார்ந்தன. "அண்ணாத்த, கொயந்தைய தொட்டில்ல போட்டா மாதிரி கீது!" என்று சேகர் கூவினார். வரிசையாக மற்ற வளைவுகளும் வந்து பக்கத்தில் நின்றன.

மண் கொட்டுகிற அன்று மல்லிகா வந்தாள். இந்த முறை அவளுக்கு ஹெல்மெட் போட்டுவிட்டேன். கொண்டை இடித்தது என்று வழியெல்லாம் திட்டினாள். கிழக்குப் பக்கம் மூக்குத்தியும் பாதி தானியமும். மேற்குப் பக்கம் அந்தப் பித்தளைக் காசும் மீதித் தானியமும். இரண்டையும் புது மஞ்சள் துணியில் முடிந்து, தன் கையால் வைத்து, தன் கையால் மண் தள்ளினாள். ரோலர்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். மேடம் செருப்பைக் கழற்றினார். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு தவிப்போடு அவளைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், கடற்கரைச் சாலையில் பஸ் வந்தால் அவளுக்கு ஜன்னலோர இடம் வேண்டும். கடப்பாக்கம் நெருங்கும்போது என் தொடையில் தட்டுவாள். சாலையிலிருந்து பார்த்தால் தென்னை மரங்களுக்கு இடையில் வளைவு ஒரு நொடி தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்காக, அதைத் தாண்டி மரக்காணம் போகவேண்டிய வேலை இல்லாத நாளிலும் போய் வந்திருக்கிறோம்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை வைத்துச் செங்கல்பட்டு ஏரிக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. நிலை வைக்கிற நாள் வந்தது. மேஸ்திரி வாசக்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தங்கம் கொண்டாந்துகிறீங்களா? வச்சிடுங்க" என்றார். நான் முன்கூட்டியே மல்லிகாவுக்குத் தெரியாமல் ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கி வைத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் முகம் மலரும், இத்தனை வருஷத்து ஏக்கம் தீரும் என்று நினைத்தேன்.

அவள் கையை நீட்டவில்லை.

"வேணாங்க. எங்க வூட்டுக்கு ஏற்கெனவே வச்சாச்சு" என்றாள் மேஸ்திரியிடம். "ஒரு குடும்பத்துக்கு எத்தினி தடவ வைப்பாங்க? நீங்க நிறுத்துங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னேன். மஞ்சளும் குங்குமமும் மட்டும் வைத்து, அந்த வாசக்கால் நின்றது.

அந்த வீட்டில் அவள் ரொம்ப நாள் இருக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தாள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும். நல்ல வீடு. மழை ஒழுகாது, காற்று வரும். சாயங்காலம் ஆனால் உள்ளே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மாதத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறிக் கடப்பாக்கத்தில் இறங்குகிறேன். சாலையிலிருந்து நடந்து போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கை வைத்து நிற்பேன். கிழக்குப் பக்கம் கொஞ்ச நேரம், மேற்குப் பக்கம் கொஞ்ச நேரம். மீன் கூடை வைத்த டூவீலர்கள் போகும், பள்ளிக்கூட வேன் போகும். விரிசல் இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பேன், பழக்கதோஷம். ஒன்றும் இருக்காது. மல்லிகா இருந்தால் இந்நேரம் "நல்லாத்தான் கீது, வாங்க போலாம்" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இழுக்க ஆளில்லாததால் நின்றுகொண்டே இருப்பேன்.

போன தடவை போனபோது, மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு நடந்து வந்த ஓர் அம்மா நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரொம்ப நேரமா நின்னுகினு கீறீங்க? யார் வூட்டுக்கு வந்தீங்க?"

"எங்க வூட்டுக்குத்தாம்மா" என்றேன்.

அவர் தெருவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, நிழலில் போய் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.